நடைபாதைக்கு வந்த மாப்பிள்ளை

நாற்பது தாண்டிய பிறகு எனக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வவுனியாவில் அரிசி ஆலை வைத்திருப்பவர். மனைவியை நோயில் இழந்தவர், பிள்ளைகள் இல்லை. பேச்சைக் கொண்டுவந்தது என் அக்கா. நாங்கள் கரம்பொனில் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன்.

"வாற ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லட்டே?" என்று அக்கா கேட்டார்.

"தேத்தண்ணித் தட்டம் தூக்கிக்கொண்டு வந்து நிக்க இனி என்னால ஏலாது அக்கா. வெளியில சந்திக்கிறன்."

"வெளியில எண்டா எங்க?"

"நடைபாதையில."

ஊர்காவற்றுறையில் கடலோரமாகப் புதிதாக நடைபாதை போட்டிருந்தார்கள். முன்பு பாய்க்கப்பல்கள் சரக்கு இறக்கிய கரை அது. சரக்கு அடுக்கிய கிட்டங்கிகளின் கூரை போன சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் கல் பதித்து, உட்கார வாங்குகள் வைத்து, ஒரு மூலையில் ஊஞ்சலும் சீசோப் பலகையும் போட்டுப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். எதிரே காரைநகர். இடையில் கிடக்கும் கடல் அவ்வளவு ஒடுக்கம். ஆறு என்று சொன்னாலும் புதிதாக வருகிறவர்கள் நம்பிவிடுவார்கள். பின்னேரங்களில் அங்கே நடக்கும் பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. பாதிப் பேர் சீனி வருத்தத்துக்காக நடப்பவர்கள், மீதிப் பேர் ஊர்க்கதைக்காக. நான் இரண்டாவது வகை.

அந்த ஞாயிறு நான் சேலை உடுத்துக்கொண்டு போனதுமே கூட்டத்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"ரீச்சர், இண்டைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்டுமில்லை, சும்மா."

அவர்கள் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். யாழ்ப்பாண பஸ் வந்து போய்விட்டது. மாப்பிள்ளையைக் காணவில்லை. வராமலே விட்டால் நல்லது என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி இருந்தது. அப்போது கைபேசி அடித்தது.

"வணக்கம்! நான் பாதையில நிக்கிறன்!"

காதிலிருந்து கைபேசியைத் தள்ளிப் பிடித்தேன். ஆலை இரைச்சலுக்குள் கதைத்துப் பழகிய குரல். மெதுவாகப் பேசவே வராது என்று பிறகுதான் தெரிந்தது.

"நானும் பாதையிலதான் நிக்கிறன். உங்களைக் காணேல்லையே?"

"அதுதான் பிரச்சினை. பாதை போய்க்கொண்டிருக்குது."

"எங்க போகுது?"

"கடலுக்குள்ள!"

எனக்கு விளங்கிவிட்டது. ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு காரைநகருக்குப் போய்வரும் இரும்பு மிதவை ஒன்று எங்கள் துறையில் உண்டு. எங்கள் ஆட்களுக்கு அதன் பெயர் பாதை. அக்கா செய்தி சொன்னபோது 'நடை'யை விழுங்கிவிட்டார். மனிதர் பஸ்ஸால் இறங்கிப் "பாதை எங்க?" என்று கேட்டிருக்கிறார். யாரோ கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

திரும்பிப் பார்த்தேன். நடுக் கடலில் மிதவை. அதன் கம்பியைப் பிடித்தபடி வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர். நான் கையைத் தூக்கினேன். வெள்ளைச் சேட்டும் கையைத் தூக்கியது. அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார், அதைக் கேட்கக் கைபேசி தேவைப்பட்டிருக்காது.

"திரும்பி வாற வரைக்கும் வைக்கட்டே?" என்று கேட்டார்.

"வேண்டாம். கதையுங்கோ."

முகத்துக்கு முகம் பார்த்திருந்தால் இரண்டு வார்த்தை வந்திருக்காது. இடையில் கடல் இருந்ததால் எல்லாம் வந்தது. தனக்கு இடியப்பமும் சம்பலும் மட்டும்தான் சமைக்கத் தெரியும் என்றார். எனக்கு விடியற்காலையில் கோபம் வரும் என்றேன். "எனக்குப் பின்னேரம்தான் வரும், அப்ப ரெண்டு கோபமும் மோதாது" என்றார். மிதவையில் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"பிள்ளை, ஓம் எண்டு சொல்லும்! நல்ல மனுசன்போல கிடக்கு!" என்று ஒரு பெண்குரல் குறுக்கே வந்தது.

மிதவை காரைநகருக்குப் போய்த் திரும்பி வந்தபோது, இறங்கிய ஒருவரும் உடனே வீட்டுக்குப் போகவில்லை. அவர் என்னிடம் வந்து சேரும்வரை நின்று பார்த்தார்கள். சேட்டெல்லாம் உப்புத் தண்ணீர், தலைமயிர் ஒரு பக்கமாக நின்றது. நாங்கள் நடைபாதையில் நடந்தோம். குளக்கட்டில் நடந்திருக்கிறாராம், கடலோரம் இதுதான் முதல் தடவையாம். காற்று எங்கள் இருவரையும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. நாற்பது தாண்டிய என் வயது யாரோ வேறொருவரின் வயதுபோல இருந்தது.

பூங்காவில் ஒருவரும் இல்லை. அவர் சீசோவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் ஏறுவீரோ?"

அதுவரை 'நீங்கள்' என்றே கதைத்தவர். நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்லும் அந்த 'நீர்' நெஞ்சுக்குள் சில்லென்று இறங்கியது. சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினேன். அவர் மற்றப் பக்கம் உட்கார, நான் ஒரேயடியாக வானத்துக்குப் போய்விட்டேன். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. இறக்கிவிடச் சொல்லிக் கத்துகிறேன், அவர் அசையாமல் இருந்து சிரிக்கிறார். அந்த நேரம் பார்த்து நடைக் கூட்டம் முழுவதும் வந்து நின்றது. அதில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாயும் இருந்தார்.

"ரீச்சர்!"

மேலேயிருந்து என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இவர்தான் நான் கட்டப்போறவர்."

அதைக் கேட்டதும் மாப்பிள்ளை தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டார். நான் தொப்பென்று நிலத்துக்கு வந்தேன். பெண்கள் "ஐயோ" என்று ஓடிவந்தார்கள். அவர் எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து, "மெய்யாத்தான் சொன்னீரோ?" என்று ஊருக்கே கேட்கக் கேட்டார். இடுப்பு நோவோடு நான் ஓம் என்றேன். யாரோ கைதட்டினார்கள்.

நொண்டி நொண்டி வீட்டுக்குப் போனபோது அக்கா வாசலில் நின்றார்.

"என்னடி, விழுந்தனியோ?"

"ஓம். அவர் கேற்றடியில நிக்கிறார். உள்ள கூப்பிடுங்கோ, பசியோட நிக்கிறார்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடிப்போய்ப் புட்டுக்கு மாக் குழைக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். அடுத்த பள்ளிக்கூட லீவிலேயே கலியாணம் முடிந்தது.