கம்பளிக்குக் குரைத்த நாய்

பண்டாரவளையில் நான் டைப்பிங் படிக்கப் போன கட்டடத்துக்குக் கீழே ஒரு மருந்துக்கடை இருந்தது. அதன் கண்ணாடியில் ஒரு நாள் கையால் எழுதிய ஆங்கிலத் தாள் ஒன்றைப் பார்த்தேன். அல்சேஷன் நாய்களுக்கு நல்ல வீடு வேண்டும், விலைக்கு அல்ல என்று இருந்தது. அன்று வகுப்பில் ஒரு வரியைக்கூட நான் ஒழுங்காக அடிக்கவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. ஒன்றைப் பார்த்துவிட்டால் அன்றைக்கே வேண்டும். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்காமல், தாளில் இருந்த விலாசத்தைத் தேடி மேட்டில் ஏறினேன்.

தாளை ஒட்டியவர் தனியாக வசித்த ஒரு பறங்கி நோனா, வெள்ளைக்காரர் வழிவந்த அம்மாள். தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போன பிறகு அவற்றை நடத்திய பழைய துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மேசை நாற்காலிகளை விற்றார்கள், நாய்களைப் பங்களாச் சமையல்காரனிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சின்ன நாய்களை யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். அல்சேஷன் என்றால் ஆட்கள் கிட்டே வரமாட்டார்கள். அதனால் நோனா அல்சேஷன்களை மட்டும் தன் வீட்டில் சேர்த்து, ஆள் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நோனா என்னிடம் ஒரு தாளை நீட்டினார். எத்தனை அறைகள், வேலி உண்டா, வீட்டில் யார் யார் என்று வரிசையாகக் கேள்விகள். தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராதான். அறைகள் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு 'ஒன்று' என்று எழுதினேன்.

"ஒரு அறைக்குள்ள எத்தன பேர்?" என்றார் நோனா. அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

"மூணு பேரு நோனா. அப்பா பேக்டரில, அம்மா கொழுந்து எடுக்குது. பெரகலைக்குக் கீழ, லயத்துல."

"பகல்ல நாய் தனியாவா இருக்கும்?"

"லயத்துல எங்க நோனா தனியா இருக்கறது? தும்முனாக்கூடப் பக்கத்துக் காம்பராவுல கேக்கும்."

நோனா சிரித்துவிட்டார். உள்ளே போய் ஒரு நாயைக் கூட்டி வந்தார். மடுல்சீமைப் பக்கத்துப் பங்களாவில் ஆறு வருடம் இருந்த நாயாம். முதுகு கறுப்பு, கால்கள் மண்நிறம். என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, எனக்கும் அதற்கும் ஏற்கனவே பேசி முடித்தாயிற்று என்பதுபோல் என் காலடியில் உட்கார்ந்தது.

"பதினஞ்சு நாள் வச்சுப் பாருங்க. அப்புறம் நான் வருவேன். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கேப்பேன். ஒரு ஆள் வேணாமுன்னு சொன்னாலும் திருப்பிக் கொண்டுபோயிருவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோனாவே தன் பழைய காரில் நாயைக் கொண்டுவந்தார். லயம் வரை கார் வராது. பேக்டரியடியில் இறங்கி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நான் நடந்தபோது, பாதி லயம் பின்னால் வந்தது. அன்று ஒரு குறையும் இல்லை. குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தார்கள், பேசாமல் இருந்தது. அப்பாவின் காக்கிக் காற்சட்டையை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

மறுநாள் மழை. சாயந்தரம் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார்கள். நாய் இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து பாய்ந்தது. சங்கிலி மட்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அம்மாவைப் பார்த்துத்தான் ஆக மோசமாகக் குரைத்தது, ஏனென்றால் அம்மாதான் வாசலை நோக்கி நேராக வந்தார்.

"நம்ம வீட்டுக்குள்ள போக நா யாருகிட்ட உத்தரவு கேக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே போனார்.

மூன்று நாட்கள் இதே கதை. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் பெண்கள் போகும்போது ஒரு கச்சேரி, சாயந்தரம் ஒரு கச்சேரி. புது ஆட்கள் என்பதால் குரைக்கிறது என்று நினைத்தேன். நான்காம் நாள் பக்கத்துக் காம்பரா அத்தை, நாய்க்குப் பயந்து பாதையை விட்டு இறங்கி, கம்பளியைத் தலையிலிருந்து தோளுக்கு இறக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். நாய் உடனே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. எனக்குப் பளிச்சென்றது. துரை எதிரே வந்தால் நம் பெண்கள் செய்வது அதுதானே! கம்பளியை இறக்கி, ஒதுங்கி நிற்பார்கள். பங்களா நாய் ஆறு வருடமாக அதைத்தான் பார்த்திருக்கிறது. கம்பளி போட்ட தலை பங்களா வாசலுக்கு வந்தால் குரைக்க வேண்டும், இறக்கிவிட்டால் நிறுத்தலாம்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் அம்மா வரும் பாதையிலேயே ஓடினேன்.

"அம்மா, கண்டுபிடிச்சிட்டேன்! வாசல்கிட்ட வர்றப்ப கம்பளிய மட்டும் எறக்கிரும்மா. அது பாட்டுக்குக் கெடக்கும்!"

அம்மா நடையை நிறுத்தவில்லை. மழை கம்பளி நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தொரைக்கு எறக்குனேன். தொரைசானிக்கும் எறக்குனேன். இப்ப நாய்க்குமா?"

அவ்வளவுதான் சொன்னார். நாய் தொண்டை கிழியக் குரைக்க, கம்பளியைத் தலையில் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் மழையில் நின்றேன். என் வாய்க்கு அன்று ஒரு அடி கொடுத்திருந்தால்கூட அம்மாவைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

மீதி இருந்தது பதினொரு நாள். அம்மா வேண்டாம் என்று சொன்னால் நாய் போய்விடும். சொல்லாமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவை இனி மாற்றக் கூடாது, நாயைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். கூரைக்குக் கீழே தொங்கிய அம்மாவின் பழைய கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, சோற்றுத் தட்டோடு நாயின் முன்னால் குந்தினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை நான் கம்பளியைத் தலையில் போட்டதே இல்லை. மழையில் பள்ளிக்கூடம் போகும்போதுகூட வாழை இலையைப் பிடித்துக்கொண்டு போவேன். கம்பளி போட்டால் நானும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விடுவேன் என்று எனக்குள் ஒரு பயம். அடுப்புப் புகையும் ஈர ரோமமும் கொழுந்துப் பாலும் சேர்ந்த வாடை அதில். கழுத்து கனத்தது. என்னை நன்றாகத் தெரிந்த நாய், என்னைப் பார்த்தே பல்லைக் காட்டியது.

அத்தை சும்மா இருப்பாரா? "என்னடி, டைப்பு அடிக்கப் போற புள்ள கொழுந்துக்குப் பேரு குடுத்துருச்சா? ஒங்க வீட்டுத் தொரகிட்ட சொல்லி எனக்கும் ஒரு நாள் லீவு வாங்கிக் குடு!"

"தொர சாப்புடுறாரு அத்த, அப்பறம் வாங்க!"

கருவாட்டுத் தலையும் சோறும் நாயின் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கின. எட்டாம் நாள் கம்பளியோடு இருந்த என் கையில் சாப்பிட்டது. பத்தாம் நாள் கம்பளி நுனியை நக்கியது. ஆனால் அம்மா வந்தால் பழைய பாட்டுத்தான். நான் கம்பளிக்குள் குந்தியிருப்பதை அம்மா ஒரு தரம் மட்டும் நின்று பார்த்தார்.

"அப்படிப் போட்டா காதுல தண்ணி எறங்கும்" என்று மடிப்பைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

சொன்னபடி பதினைந்தாம் நாள் நோனா குடையோடு வந்தார். அப்பாவைக் கேட்டார். "என்னையப் பாத்து அது கொரைக்கறதே இல்லீங்க. இருக்கட்டும்" என்றார் அப்பா. அந்த நேரம் பார்த்து அம்மா மலையிலிருந்து வந்தார். கம்பளி தலையில்தான். நாய் எழுந்து குரைக்க ஆரம்பித்தது. நோனாவின் முகம் மாறியது. நான் சங்கிலியை எட்டிப் பிடித்தேன்.

"இவ்வளவு கொரைக்குதே. ஏன் எனக்குத் தகவல் அனுப்பல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா கூடையை இறக்கி வைத்தார். நாய்க்கும் அவருக்கும் நடுவே நான்கடி தூரம்.

"கம்பளிக்குக் கொரைக்குது நோனா. அப்படிப் பழக்கியிருக்காங்க. அது என்னா செய்யும், பாவம்."

"அப்ப நான் கொண்டு போறேன். உங்களுக்குக் கஷ்டம்."

"வேற எங்க கொண்டுபோய் விடுவீங்க? பங்களாவுலயா?"

நோனா நாயின் பக்கம் திரும்பினார். அப்போது அவரிடம் கேட்டு வந்த பங்களாக்காரர் யாரும் இல்லை என்பது பிறகு எனக்குத் தெரிந்தது.

"இருக்கட்டும் நோனா" என்றார் அம்மா. "அது கொரைக்கட்டும். நா எறக்க மாட்டேன். யாரு மொதல்ல அலுத்துப் போறாங்கன்னு பாப்போம்."

நோனா குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தாளில் அம்மாவின் பதிலுக்கு என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. நாயை விட்டுவிட்டுப் போனார்.

தீபாவளி வந்து போனது. ஒவ்வொரு சாயந்தரமும் குரைப்பு கேட்டால் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைப்பேன். அம்மா பாதைத் திருப்பத்துக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். மார்கழியில் ஒரு நாள், அட்டையில் எழுத்துகளை வரைந்து வைத்துக்கொண்டு டைப்பிங் பழகிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், கம்பளித் தலையோடு அம்மா நிற்கிறார். நாய் இஸ்தோப்பில் தாடையைத் தரையில் வைத்தபடி, வாலை மட்டும் இரண்டு தரம் அடித்தது.

நான் நாயைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. உள்ளே வந்த பிறகுதான் கம்பளியை இறக்கி, பிழிந்து, ஆணியில் மாட்டினார்.

"கேத்தல இன்னும் வைக்கலியா?" என்றார்.

"சத்தம் கேக்கலம்மா" என்றேன்.