சைமா வீட்டு வெளிக்குழாய்

எங்கள் ஏரிக்கரை ஊரில் அக்டோபர் வந்துவிட்டதை யாரும் நாள்காட்டி பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. பிளம்பர் ஓலவி நீமெலா வணக்கம் சொல்வதை நிறுத்தினால் அக்டோபர். அன்று முதல் தபால் நிலையத்திலோ தேவாலய வாசலிலோ யாரைக் கண்டாலும் அவன் கேட்பது ஒன்றுதான்: "ஹோஸைக் கழட்டியாச்சா?"

ஒருமுறை இழவு வீட்டில் விதவையிடமும் அதையே கேட்டுத் தொலைத்தான். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போறதுக்கு முந்தின வாரமே கழட்டி வெச்சிட்டுப் போயிட்டாருப்பா" என்றார். இறந்துபோன மனிதர் மேல் ஓலவிக்கு இருந்த மரியாதை அன்று இரண்டு மடங்கானது.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஆள் உயரத்துக்கு மேல் பனி குவியும் ஊர் இது. தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஒவ்வொரு வீட்டின் வெளிச்சுவரிலும் ஒரு குழாய் உண்டு. உறையாத குழாய் என்று பெயர். கைப்பிடி வெளியே இருந்தாலும், தண்ணீரை அடைக்கும் இடம் சுவருக்குள்ளே ஒரு முழம் தள்ளி, வீட்டின் கதகதப்பில் இருக்கும். மூடியதும் மிச்சத் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். ஆனால் செடிக்கு இழுத்த ரப்பர் ஹோஸ் மாட்டியபடியே கிடந்தால் வடியாது. நின்ற தண்ணீர் உறைந்து குழாயைப் பிளக்கும். குளிர்காலம் முழுக்க அது யாருக்கும் தெரியாது. மே மாதம் ஆசையாகத் திறக்கும்போது செடிக்குப் பாதி, நிலவறைக்குப் பாதி என்று தண்ணீர் பாகம் பிரித்துக்கொள்ளும். உறையாத குழாயாயிற்றே என்று நம்பி ஏமாந்தவர்கள் ஊரில் பாதிப் பேர். அவர்கள் புண்ணியத்தில்தான் ஓலவியின் மே மாதம் ஓடியது.

ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஹெல்வியுடன் ஒரே வீட்டில் இருந்தான். கை வேலையில் இருக்கும், மனசு எங்கோ மிதந்துகொண்டிருக்கும். நிலவறையில் மல்லாந்து படுத்துக் குழாயைப் பற்றவைக்கும்போது, வெளியே இருக்கும் அவ்வளவு பெரிய ஏரி இந்த விரல் பருமன் செம்புக் குழாய்க்குள் நுழைந்து ஒவ்வொரு வீட்டுக்கும் விருந்தாளியாக வந்து போகிறது என்று நினைத்துக்கொள்வான். நினைத்தபடியே கிடந்துவிடுவான். "தூங்கிட்டீங்களா?" என்று மேலிருந்து குரல் வந்த பிறகுதான் எழுந்திருப்பான்.

அந்த ஏரியின் தைரியம் அவனுக்கு இல்லை. வேலை இல்லாமல் ஒரு வீட்டுப் படியேறுவது நீமெலா குடும்பத்தில் திருட்டுக்கு அடுத்தபடியான குற்றம். அவன் அப்பா பக்கத்து வீட்டுக்குப் போவதென்றால்கூட, திருப்பிக் கொடுக்க ஒரு ரம்பத்தை முன்கூட்டியே இரவல் வாங்கி வைத்திருப்பார்.

சைமா காங்காஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு நாள் ஒரு நிமிடம் பிந்தியதில்லை. பனிப்புயலில்கூட அவள் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். குளிர் தாங்கவில்லை என்று புருஷன் அரிசோனாவுக்குப் போய்விட்டான். விவாகரத்துக் காகிதம் தபாலில் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அன்று மாலையும் நேரத்துக்குப் பஸ் எடுத்தாள். அப்பேர்ப்பட்டவள் ஹோஸைக் கழற்ற மட்டும் வருடாவருடம் மறந்தாள்.

முதல் வருடம் நிலவறை முழுக்க ஈரம். ஓலவி பிளந்த குழாயை அறுத்தெடுத்தான், புதியதை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வைத்துப் பற்றவைத்தான். சைமா படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் காபியும், ஏலக்காய் போட்டுப் பின்னிய ரொட்டியும் வந்தன. ஏரி விருந்தாளியாக வரும் கதையை அவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அதுவரை யாரிடமும் சொல்லாத கதை. அவள் சிரிக்கவில்லை. "அப்போ என் வீட்டுக்கு வந்துட்டுத் திரும்ப எங்க போகும்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லி முடிக்க மூன்று கோப்பை காபி ஆனது.

இரண்டாம் வருடம் அவன் போனபோது குழாய்க்கு நேர் கீழே ஒரு நீல வாளி தயாராக இருந்தது. சுற்றிலும் பழைய துண்டுகள் விரித்திருந்தன. ஒரு சொட்டுகூடத் தரையில் இல்லை. "நல்ல முன்யோசனைங்க உங்களுக்கு" என்று மனதாரப் பாராட்டினான். சைமா அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு ரொட்டி எடுக்கப் போனாள்.

இப்படி ஐந்து மே மாதங்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் அவன் கேட்டான். "ஞாபகத்துல வெச்சிருக்கேன்" என்று மட்டும் அவள் சொன்னாள். வருடத்தில் மற்ற நாட்களெல்லாம் அந்த ஒரு மத்தியானத்துக்குப் போகும் பாதை போல ஓலவிக்கு ஆகிவிட்டது. அவனுக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? குழாய் உடைந்தால் போகலாம்.

ஆறாவது அக்டோபரில் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். அவள் வீட்டு வழியே வண்டியில் போனபோது ஹோஸ் மாட்டியபடி கிடந்தது. ஏரியிலிருந்து வந்த காற்றில் பனி வாசனை. பாவம், தனியாளாக இருக்கிறாள், எத்தனை தடவைதான் செலவழிப்பாள் என்று மனசு இளகியது. இறங்கினான். ஹோஸைக் கழற்றித் தண்ணீரை வடித்து, வட்டம் வட்டமாகச் சுருட்டிக் கொட்டகையில் மாட்டிவிட்டு வந்தான். யாரிடமும் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

அந்தக் குளிர்காலம் அவனுக்குச் சுகமாகக் கழிந்தது. உறைந்த ஏரி மேல் மீன்பிடிக் கூடாரத்தில், துளைக்குள் தூண்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணை மூடுவான். காலுக்கடியில் பனிக்கட்டி மெல்ல முனகும். அதற்கும் கீழே ஏரி தூக்கத்தில் புரண்டு படுக்கும். சைமா வீட்டுச் சுவருக்குள் ஒரு முழக் குழாய் காலியாக, பத்திரமாக இருக்கிறது; அதற்குள் தான் உட்கார்ந்து காவல் காப்பதுபோல் அவனுக்குத் தோன்றும். வெளியே பனி விழுந்துகொண்டே இருக்கும், உள்ளே ஏலக்காய் வாசனை அடிக்கும். மீன் தூண்டிலை இழுத்துக்கொண்டு போனதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பான்.

மே வந்தது. ஏரியின் பனிக்கட்டி உடைந்து நீலம் தெரிந்தது. ஊர் முழுக்கத் தொலைபேசியில் கத்தியது, ஓலவி ஓடி ஓடிக் குழாய் மாற்றினான். சைமாவிடமிருந்து அழைப்பு இல்லை. ஒரு வாரம் போனது. மூன்று வாரம் போனது. காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் குடித்தான், வித்தியாசம் தெரியவில்லை.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றாள் ஹெல்வி.

"சைமா இன்னும் கூப்பிடலக்கா."

"இந்த வருஷம் குழாய் உடையலியோ என்னவோ."

"எப்படி உடையும்? நான்தான் அக்டோபர்லயே ஹோஸைக் கழட்டி வெச்சிட்டேனே."

ஹெல்வி பின்னிக்கொண்டிருந்த காலுறையைக் கீழே வைத்தாள். "நீயா? அவ சொன்னாளா கழட்டச் சொல்லி?"

"இல்ல. உதவியா இருக்கட்டுமேன்னு..."

"அட மண்ணாந்தை! ஒரு நிமிஷம் தவறாத பொம்பள அஞ்சு வருஷமா ஹோஸை மறப்பாளாடா? அந்த வாளி கதைய நீதானே பெருமையா சொன்ன? தண்ணி வர்றதுக்கு முன்னாடியே வாளி வெக்கிறாள்னா, என்ன அர்த்தம்?"

"முன்யோசனை."

"யாரைப் பத்தி யோசனை?"

ஐந்து வருடத்துத் தண்ணீர் மொத்தமும் அப்போதுதான் ஓலவி தலையில் கொட்டியது.

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைச்சியேடா" என்று ஹெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கே தெரியும். நீயா கண்டுபிடிக்கட்டும்னு எல்லாரும் வாய மூடிட்டு இருந்தோம். இப்ப அவ என்ன நெனச்சிருப்பா? 'இனிமே கூப்பிடாத'ன்னு நீ சொல்லாம சொல்லிட்டேன்னு நெனச்சிருப்பா."

அவன் எழுந்து கருவிப்பெட்டியைத் தூக்கினான். ஹெல்வி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது எதுக்கு? அங்க என்ன உடைஞ்சிருக்கு?"

வாழ்நாளில் முதன்முறையாக ஓலவி வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போனான். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையில் நுழைத்தான், எடுத்தான், பின்னால் கட்டிக்கொண்டான். பயமாக இருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். சைமா ருபார்ப் செடிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். குழாய் பழுதில்லாமல் ஓடியது. தண்ணீரில் மாலை வெயில் பட்டுப் பட்டு உடைந்தது. அதையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பான். அவள் திரும்பிவிட்டாள்.

"யாரோ என் ஹோஸைக் கழட்டி வெச்சிட்டாங்க" என்றாள். குரலில் குளிர் இருந்தது.

"நான்தாங்க."

"தெரியும். அவ்ளோ அழகா ஊர்ல வேற யாரும் சுருட்ட மாட்டாங்க." தண்ணீரை அவன் பக்கம் திருப்பிவிடலாமா என்று யோசிப்பவள்போல் ஹோஸின் வாயைப் பார்த்தாள். "குழாய் நல்லாத்தான் இருக்கு. வாளிதான் மூணு வாரமா காலியா கெடக்கு. நிலவறைப் பக்கம் போகவே புடிக்கல."

ஓலவி சொல்லவேண்டியது எங்கேயோ உறைந்து நின்றது.

"சரி, என்ன வேலையா வந்தீங்க?"

திருப்பிக் கொடுக்க ரம்பம் இல்லை. மாற்றுவதற்குக் குழாய் இல்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

"வேலை ஒண்ணும் இல்லைங்க" என்றான். "சும்மாதான் வந்தேன்."

சைமா குழாயை மூடினாள். ஹோஸில் மிச்சமிருந்த தண்ணீர் வடிந்து நின்றது. பிறகு ஈரக் கையை மேலாடையில் துடைத்துக்கொண்டு வேலிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"நீங்க இதைச் சொல்ல எனக்கு அஞ்சு குழாய் ஆச்சு" என்றாள். "உள்ள வாங்க."