கருடசேவைப் படமும் முதலாளியின் மைத்துனரும்

முட்டாள்கள்மேல் ஜோதிகாவுக்குக் கோபம் வராது, இளக்காரம்தான் வரும். அவள் கொத்தனார் யேசுதாஸின் மகள். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்துக்கொண்டே, போட்டோவைக் கொடுத்தால் பேனாவால் மையிட்டு வரைந்ததுபோல் கோட்டுச்சித்திரமாக்கித் தரும் புரோகிராம் ஒன்றை எழுதினாள். வீடும் மரமும் அழகாக வந்தன. நெரிசலான காட்சி என்றால் மட்டும் காகிதம் கருத்துப்போனது. எல்லாவற்றையும் வரைந்தால் எதுவும் தெரியாது என்பது மெல்லத்தான் அவளுக்குப் பிடிபட்டது. பிறகு, கண் போகவேண்டிய இடத்தை அவளே குறித்துக் கொடுத்தாள்; அங்கே மட்டும் கோடுகள் நெருங்கின, மற்ற இடம் வெளுத்துக் கிடந்தது. அந்தத் தைரியத்தில் வேலையை விட்டுவிட்டு, சின்ன காஞ்சிபுரத்தில் கடை போட்டாள்.

பட்டுக்கடை முதலாளி சீனிவாசன் தன் புதுக் கடைச் சுவருக்குக் கருடசேவைப் படம் கேட்டு, போட்டோவும் கொடுத்தார். பெருமாளும் குடையும் துலங்க, கூட்டம் சில வளைகோடுகளாய்க் கரைய, படம் அவளுக்கே பிடித்துப்போனது.

சீனிவாசன் முகம் சுளித்தார். "என்னாம்மா, பாதி பேப்பர் காலியா இருக்குது? நான் எங்க?"

"கூட்டத்துல இருக்கீங்க சார்."

"மூஞ்சியே தெரியலியே! மச்சான் கூட பக்கத்துல நின்னுக்கினு இருந்தாரு. அவரையும் போடும்மா."

மைத்துனரைத் தொடர்ந்து மனைவியின் நெக்லஸ் வந்தது. பின்னாலேயே கடைப் பலகையும் வந்தது. அத்தனையும் போட்டால் பெருமாள் மறைந்துவிடுவார் என்று அவள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர்தானே வரையுது? உனக்கென்னா, கையா வலிக்குது?"

கேட்டபடியே ஆகட்டும் என்று எல்லா இடத்தையும் குறித்துக் கொடுத்தாள். கொட்டிய மைபோலப் படம் வந்தது. அவருக்குப் பரம திருப்தி. மைத்துனரின் மீசைமயிரைக்கூட எண்ணிவிடலாமாம்.

"கையெழுத்துப் போடும்மா."

"கம்ப்யூட்டர் வரைஞ்சதுதானே சார்? அதையே போடச் சொல்லுங்க."

திறப்புவிழாவில் விளக்கொளியில் படத்தைப் பார்த்த கமலாட்சி என்ற வாடிக்கையாளர், "மழை பெய்யிற மாதிரி இருக்குதே, எந்த ஊருங்க?" என்று கேட்டார். சீனிவாசன் மெஷின்மேல் பழியைப் போட்டார். ஜோதிகா சிரிப்பை அடக்கக்கூட முயலவில்லை.

முதல் படத்தை அவள் தன் கடையில் மாட்டினாள். அதைப் பார்த்துத்தான் பதிப்பாளர் காயத்ரி கோயில் நூலுக்குச் சித்திரம் கேட்டு வந்தார். இன்று அவள் பிழைப்பே புத்தகங்கள்தான். ஊரில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்றும் பெயர்.

"கொஞ்சம் தணிஞ்சு பேசக்கூடாதாம்மா?" என்றார் யேசுதாஸ்.

"சுவர் கோணலா இருந்தா நேரா இருக்குதுன்னு சொல்லுவியாப்பா?"