வெந்நீரில் நின்ற மீன்

என் அப்பா ஓதானி டோகுஜி, பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வண்டியின் ஓட்டுநர். ஜப்பானில் பீவா ஏரியின் மேற்குக் கரையில் எங்கள் வீடு. அங்கே பலரைப் போல அவருக்கும் பாஸ் மீன் பைத்தியம். வெளிநாட்டிலிருந்து வந்து ஏரியைக் கெடுத்த மீன் அது. பிடித்தால் திரும்ப விடக் கூடாது, கரையில் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அப்படிப் பெட்டியில் போடப்போகும் ஒரு மீனுக்காகத்தான் அப்பா குளிர்காலம் முழுவதும் மரத்தைச் செதுக்கி, தூண்டிலில் இரைக்குப் பதிலாக மாட்டும் பொய்மீன் செய்வார்.

குளிரில் பாஸ் எதையும் துரத்தாது. மூக்குக்கு நேரே பொய்மீன் அசையாமல் நின்றால்தான் வாயைத் திறக்கும். பொய்மீன் மூழ்கவும் கூடாது, மேலே வரவும் கூடாது. வயிற்றில் அடைக்கும் ஈயம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் போச்சு. இதை அப்பா சோதிக்கும் இடம் எங்கள் குளியல் தொட்டி. எங்கள் ஊர் வழக்கப்படி முதல் குளியல் அவருடையது. பிறகு அதே வெந்நீரில்தான் அம்மாவும் நானும் இறங்க வேண்டும். அவர் கழுத்து வரை மூழ்கி உட்கார்ந்து ஈயத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார். நாங்கள் துண்டும் கையுமாக வெளியே நிற்போம்.

“என்னங்க, உள்ள குளிக்கிறது நீங்களா, மீனா?” என்றாள் அம்மா.

“நிக்குது சுமியே! அசையாம நிக்குது, வந்து பாரு!”

“நானுந்தான் நிக்கிறேன். என்னை யாரு பாக்கிறா?”

அன்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, கையால் செய்த பொய்மீன்களுக்கான போட்டி. “அதுல நீங்க ஒண்ணும் பிடிக்கலைன்னா, ஒரு மீனாவது பிடிக்கிற வரைக்கும் இந்தக் கட்டையெல்லாம் பாத்ரூம் பக்கமே வரக் கூடாது.” அப்பா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு பனி கொட்டியது. படகுத்துறையிலிருந்து அப்பா பொய்மீனை வீசி, சுண்டி, நிறுத்தினார். தெளிந்த நீரில் எல்லோருக்கும் தெரிந்தது: அது நிற்கவில்லை. மெதுவாக மேலே ஏறி வந்து மிதந்தது.

“டோக்கு அண்ணே, உங்க மீன் மூச்சு வாங்க மேல வருது பாருங்க!” என்றார் முடிதிருத்தும் நிஷிசாகி.

“இன்னைக்கு ஏரி கனமா இருக்குடா,” என்றார் அப்பா.

துறையே சிரித்தது. அன்று முழுக்க அங்கே பேசப்பட்டதில் அந்த ஒரு சாக்குதான் உண்மை. சொன்னவருக்கே அது தெரியாது.

குளியலறை பறிபோனது. அப்பா கொல்லையில் மழைநீர் பீப்பாயின் மேலிருந்த பனிக்கட்டியை உடைத்து, சிவந்த விரல்களோடு சோதனையைத் தொடர்ந்தார். தொட்டியில் சிலைபோல நின்ற அதே பொய்மீன் அங்கேயும் மிதந்தது. இன்னும் கொஞ்சம் ஈயம் அடைத்ததும் நின்றது. அடுத்த வாரமே ஏரியில் ஒரு பெரிய பாஸ் அதைக் கவ்வியது. அப்பா அதைப் படம் எடுத்துக்கொண்டு பெட்டியில் போட்டார்.

“எப்படிப்பா?” என்றேன்.

“கொல்லையில உங்கம்மா கத்துறது கேக்கல. மனசு ஒருநிலைப்பட்டுச்சு.”

படத்தை அம்மா வெகுநேரம் பார்த்தாள். “சரி, சொன்னா சொன்னதுதான். இனிமே உள்ளேயே போய்ச் செய்யுங்க,” என்றாள். அப்பா உடனே புதுக் கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பினார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். வாங்கியது பொருளாதாரத்தில், வேலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வெந்நீரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகத்தோடுதான் வாயைத் திறந்தேன்.

“அப்பா, சூடான தண்ணி லேசா இருக்கும். தொட்டியில நிக்கிறது ஏரியில மிதக்கும். பீப்பாயிலேயே பாருங்களேன்.”

அவர் கதவில் கை வைத்தபடி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“தண்ணின்னா தண்ணிதாம்மா. இவ்வளவு கஷ்டப்பட்டு ஜெயிச்சு வாங்கின ரூம், விடச் சொல்றியா?”

கதவு சாத்திக்கொண்டது. நானும் அம்மாவும் துண்டோடு நின்றோம்.

“நிக்குது!” என்ற குரல் உள்ளிருந்து வந்தது.