ஈ மொய்க்காத கருவாடு

ஒரு பாய் நிறைய நெத்திலி. மேலே ஆவணி வெயில், சுற்றிலும் திருவொற்றியூர்க் குப்பத்து மணல். பாயின் மேல் ஒரு ஈ கூட இல்லை. கருவாடு காயும் இடத்தைப் பார்த்திராதவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். பார்த்தவர்கள் மூக்கின்மேல் விரல் வைப்பார்கள். பக்கத்துப் பாய்க்காரிகள் பனையோலையும் கையுமாக ஈக்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். என் அண்ணி தன் ஓலையைக் கூரையில் செருகிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தன் பாயை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தாள். கல்யாணப் பெண்ணை அலங்கரித்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வித்தையை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான். அன்றைக்கு எனக்கு இருபது வயது, புத்தி ஐந்து வயது.

அந்தக் கருவாட்டின் ருசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கே வாய் கூசும். காலையில் கேழ்வரகுக் கூழ், முந்தின நாளே காய்ச்சி மண்சட்டியில் புளிக்க வைத்தது. சவுக்கு விறகின் தணலில் ஒரு பிடி நெத்திலியை அண்ணி வெறும் கையால் எடுத்துப் போடுவாள். அது சுருண்டு, ஓரம் கருகி, தெரு முழுக்க வாசம் கிளப்பும். சாம்பலைத் தட்டிவிட்டுக் கூழோடு வைத்துக் கடித்தால், அப்புறம் ராஜா வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மனசு வராது. மத்தியானம் என்றால் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு வாளைக் கருவாட்டுக் குழம்பு. அதை மறுநாள் சுண்ட வைத்தால் இன்னும் விசேஷம். இன்றைக்குப் பேரன் பளபளவென்ற பாக்கெட்டில் ஏதோ வாங்கிவந்து கருவாடு என்கிறான். பல்லுக்கும் பிடிக்கவில்லை, நாக்குக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் நான் வாயைத் திறப்பதில்லை. அந்தக் காலத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பெருமை பேச இந்த ஊரில் யாருக்கு யோக்கியதை இருந்தாலும் எனக்குக் கிடையாது.

ஐம்பதுகளின் நடுவில் அது. மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக மருந்து அடித்தார்கள். அந்தக் கோஷ்டி ஒன்றில் தினக்கூலிக்குச் சேர்ந்திருந்தேன். வாளித் தண்ணீரில் டி.டி.டி. பவுடரைக் கரைத்து, ஒருவன் கைப்பம்பை அடிக்க, இன்னொருவன் சுவரெல்லாம் பீய்ச்ச வேண்டும். காய்ந்ததும் சுவரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். முதலில் சனங்கள் உள்ளே விடமாட்டார்கள். அடித்து ஒரு வாரத்தில் கொசு போய், ஈ போய், பாயில் இருந்த மூட்டைப்பூச்சியும் கொத்தாக விழுந்தபின், எங்களைக் கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள். ஒருநாள் டோல்கேட் பக்கத்துச் சந்து ஒன்றில் பெண்கள் மறித்துக்கொண்டார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் விஷத்தை அடிப்பாயா என்று ஒரே சத்தம். எங்கள் மேஸ்திரி டின்னைத் திறந்து, ஒரு சிட்டிகை பவுடரை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தன் நாக்கில் வைத்துக்கொண்டார். பூச்சிக்குத்தான் இது எமன், மனுஷனுக்கு ஒன்றும் பண்ணாது என்றார். கூட்டம் விலகி வழிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேலை என்றால் இதுவல்லவா வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அண்ணியோ அழாத குறையாக இருந்தாள். அண்ணன் கட்டுமரத்தில் போகிறவன், அந்த வருஷம் கடலும் சரியில்லை. அண்ணி தலைமேல் கருவாட்டுக் கூடையோடு காலடிப்பேட்டைக்கும் டோல்கேட்டுக்கும் நடந்து விற்று வந்ததில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. மழை தூறிவிட்டால் மீன் ஈரம் விடாது, ஈ முட்டையிடும், இரண்டாம் நாள் புழு வைத்துவிடும். அவள் பாய் பாயாகக் கொண்டுபோய்க் கடலில் கொட்டியதை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்துப் பால் பவுடர் வந்த பழைய டின் ஒன்றில் இரண்டு பிடி மருந்தைப் போட்டு எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய கூமுட்டை நான். அவள் கேட்டது ஒரே கேள்வி, துன்னா ஒண்ணும் ஆவாதா என்று. மேஸ்திரியே நாக்கில் வைத்தார் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினாள்.

பழைய வேட்டித்துணியில் பவுடரை முடிந்துகொண்டு, குளிப்பாட்டிய குழந்தைக்குப் போடுவது மாதிரி மீன் மேல் மெல்லத் தட்டுவாள். விற்கப் போகும் முன் ஒரு உதறு உதறிக் கூடையில் அடுக்குவாள். அவ்வளவுதான், அவள் கருவாட்டுக்குக் கால் முளைத்துவிட்டது, கூடை கூடையாக விற்றது. புழு இல்லை, நாற்றம் இல்லை, மாசக்கணக்கில் கெடாது. கைராசிக்காரி என்றார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாக் கருவாடு கொடுப்பது வழக்கம், தாய்ப்பால் ஊறும் என்பார்கள். அதைக் கண்ட கண்ட இடத்தில் வாங்கமாட்டார்கள், கை சுத்தமானவளாகப் பார்த்துத்தான் சொல்லி வைப்பார்கள். அப்படி மூன்று வீட்டில் அண்ணியிடம் சொல்லி வைத்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாதவள், அந்த மூன்று பிள்ளைக்காரிகளுக்கும் தான்தான் பத்தியம் பார்ப்பதாகப் பெருமையடித்துக்கொண்டாள். அந்தச் சுறாத் துண்டுகளுக்கு மட்டும் பவுடரை இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தட்டினாள்.

முதலில் செத்தது எங்கள் வீட்டுப் பூனை. உதறும்போது உதிர்ந்த தலையும் வாலும் அதற்குத்தான். நல்ல வெயிலில் உட்கார்ந்துகொண்டு, மார்கழிப் பனியில் நனைந்த மாதிரி வெடவெடவென்று நடுங்கியது. எழுந்து நடந்தால் பக்கவாட்டில் சாய்ந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மறுநாள் விறைத்துக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்து வீட்டுப் பூனை. அதே நடுக்கம், அதே சாய்வு. அதன்பின் கூரைமேல் திரியும் கடுவன் பூனை. வாரம் முடிவதற்குள் எங்கள் சந்தில் பூனை என்று சொல்ல ஒன்று இல்லை. நானோ சுடுநீர் பட்டிருக்கும், பாம்பு கடித்திருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது பூனையின் வாயோரம் நெத்திலித் தலை ஒன்று ஒட்டியிருந்ததை அண்ணி பார்த்துவிட்டாள். நான் வேலையிலிருந்து வந்தபோது அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இது மனுசன் துன்னா ஒண்ணியும் ஆவாதுன்னு சொன்னியே தம்பி," என்றாள். "பூனை துன்னா இன்னா ஆவும்னு கேட்டியா?"

மேஸ்திரி நாக்கில் வைத்த கதையையே திரும்பச் சொன்னேன். வேறு எனக்கு என்ன தெரியும்?

"நாக்குல வச்சாரு, சரி. முழுங்குனாரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டம் விலகியதும் மேஸ்திரி அவசரமாகச் சந்துமுனைக்குப் போனார். வாயைத் திறக்காமல், கையால் என்னை அழைத்துக்கொண்டே போனார். தெருக்குழாயைத் திறந்துவிட்டவன் நான். அவர் குனிந்து, காறிக் காறித் துப்பி, மூன்று தடவை வாய் கொப்பளித்து, துண்டால் நாக்கை வழித்துத் துடைத்ததை ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று என் மண்டையில் ஏறவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் கண்ணிருந்தும் குருடாக இருப்பானா? இருந்தேனே. அண்ணியிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டின்னை இறுக மூடி வைத்துவிட்டு, மூணு வூட்ல பச்சப்புள்ள கீது தம்பி என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் கடற்கரையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, வீட்டில் இருந்த கருவாடு அத்தனையும் போட்டு மூடினாள். அண்ணன் குதியாய்க் குதித்தான், பைத்தியம் பிடித்துவிட்டதா என்றான். பிறகு வெறும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், கொடுத்ததைத் திரும்ப வாங்கிவர. நானும் வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் மருந்து திருடியவன் என்று வேலையிலிருந்து துரத்துவார்கள், போலீசில் கொடுத்தாலும் கொடுப்பார்கள் என்று பயம். தலைவலி என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அண்ணி ஒரு நிமிஷம் நின்றாள். நீ வராதே, நான் பாத்துக்கறேன் என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குள் நிம்மதி வந்தது. வெட்கக்கேடு, நிம்மதிதான் வந்தது.

எங்கள் சந்தில் இருந்த பிள்ளைக்காரி கருவாட்டை அண்ணியின் முகத்தில் எறிந்தாள். டோல்கேட் வீட்டில், நல்ல ருசி, கொடுக்கமாட்டேன் என்று சிரித்தார்களாம். அண்ணி காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கினாள். காலடிப்பேட்டை வீட்டில் இரண்டு மாசப் பெண்குழந்தை. தாய் அதற்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாளாம், இப்போ நான் இன்னா பண்ணட்டும் என்று. அண்ணிக்கு என்ன தெரியும்? பசும்பால் கொடு என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாளாம். அந்த மருந்து எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று மூன்று வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். தானே கடைத்தெருவில் தெரியாமல் வாங்கிப் போட்டதாக மூன்று வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரத்தில் அவள் பெயர் பூனை செத்த கருவாட்டுக்காரி என்று ஆகிவிட்டது. காலடிப்பேட்டையில் அவள் தலையைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு எண்ணூர்ப் பக்கத்து உப்பளத்துக்குக் கூலிக்குப் போனாள். உப்பு தின்ற வெடிப்புக் காலோடு சாகும்வரை நடந்தாள். ஒரு நாள், ஒரு பேச்சில், ஒரு கோபத்தில்கூட என் பெயரை எடுத்ததில்லை. நான் அந்தக் கோஷ்டியில் இன்னும் நாலு வருஷம் இருந்தேன், நல்ல வேலைக்காரன் என்று பெயரும் வாங்கினேன்.

பிள்ளைகள் மூன்றும் பிழைத்துக்கொண்டன. கடவுள் காப்பாற்றினார், விட்டது சனி என்று நானும் மறக்கப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் கழித்து ஒரு முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தபோது பத்திரிகையில் படித்தேன், அந்த மருந்து உடம்புக் கொழுப்பில் தங்கும், தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் போகும் என்று. தாய்ப்பால் என்ற வார்த்தையைப் பார்த்ததும் பாதி முடிவெட்டிக்கொண்ட தலையோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே கடைக்காரர் ஓடிவந்தார். அண்ணி அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்திருந்தாள். நல்லவேளை, அவள் இதைக் கேட்கவில்லை.

போன மாசம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்தக் காலத்துச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். எதை எடுத்தாலும் மருந்து, எல்லாம் கலீஜ், நம்ம காலத்தில் இதெல்லாம் உண்டா என்று என்னைக் கேட்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் இலையில் இருந்த அறுபது வயசுப் பெண்மணி சிரித்தாள். அந்தக் காலத்திலேயே எங்கம்மாவுக்கு மருந்து போட்ட கருவாடு விற்றார்கள், காலடிப்பேட்டையில் கேட்டுப் பாருங்கள் என்றாள். அப்போது நான் இரண்டு மாசக் குழந்தை என்றாள். விற்றவளே வெயிலில் வந்து வாசலில் நின்று உண்மையைச் சொன்னாளாம், அவள் அழுததை அம்மா கடைசிவரை சொல்லுவாராம், ஆனாலும் அம்மாவுக்கு அவள் மேல் கோபம் ஆறவே இல்லையாம். அறுபது வருஷமாக நெஞ்சில் கிடந்தது, என்னையும் மீறி வாயில் வந்துவிட்டது.

"அது என் அண்ணிதாம்மா. மருந்தைக் கொண்டாந்து குடுத்தது நான். அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப, அந்தம்மா எங்க வூட்டு வாசல்ல குந்திக்கினு அழுதப்ப," என்றாள், "நீங்க எங்க ஐயா இருந்தீங்க?"