முத்துப்பேட்டை பூட்ஸ் என் காலைக் கடிக்கவில்லை

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் மருமகள் சங்கீதா இந்தப் பக்கத்தில் மூன்று வரி போட்டாள். முத்துப்பேட்டையில் வாங்கிய பூட்ஸ் அத்தையின் காலைக் கடித்து ரத்தமே வந்துவிட்டது, அங்கே வாங்குகிறவர்கள் யோசித்து வாங்குங்கள் என்று. கூடவே என் குதிகால் படம் வேறு. கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டாள். ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அந்த மூன்று வரியும் பொய். பொய் சொன்னது அவள் இல்லை, நான். அதனால் இந்தத் தடவை நானே எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள், வேறெதிலும் கை வைக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: சங்கீதா மாட்டு டாக்டர். தஞ்சாவூரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் மகன் ஷார்ஜாவில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவள் பெரிய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். அறுபத்துநாலு வயதில் இது என்ன ஆசை என்று தெருவில் சிரிக்கிறார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கோடையில் சுவாமிமலை போய்விட்டு இறங்கும்போது சைலன்சரில் கெண்டைக்காலை வைத்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை. அந்தப் புண் ஆற ஆவணி ஆகிவிட்டது. டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இன்னொரு தடவை கால்ல புண்ணோட வந்தீங்கன்னா விரலோட திரும்பிப் போவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்." சங்கீதா அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். நல்ல பூட்ஸ் கிடைத்தால் நான் ரொம்ப நாளாகக் கேட்கிற வேதாரண்யம் பயணம், கிடைக்காவிட்டால் இனிமேல் வண்டியே கிடையாது.

முதலில் தஞ்சாவூரில் தேடினோம். சாயங்காலம் போனோம். அது சரியான நேரம். காலையில் இருக்கிற கால் வேறு, சாயங்காலம் வீங்கியிருக்கிற கால் வேறு. பாலத்துப் பக்கம் இருக்கிற பெரிய கடையில் பெண்களுக்கான பூட்ஸ் எல்லாம் முன்பக்கம் கூம்பாக இருந்தது. என் கால் அப்படி இல்லை. பத்து வயதிலிருந்து சேற்றில் நின்று நாற்று நட்ட கால். விரல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் விரிந்து நிற்கும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறிய வடு, குதிகாலில் வெடிப்பு. செருப்பைக் கழற்றச் சொன்னதும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். கடைக்காரத் தம்பி என்னைப் பார்க்காமல் சங்கீதாவிடம் சொன்னான்: "மேடம், இந்தக் காலுக்கு ஆம்பளை சைஸ்தான் பார்க்கணும்." இந்தக் காலாம். என் முகத்தைப் பார்த்து "உங்க காலுக்கு" என்று சொன்னால் அவன் வாய் வலித்துவிடுமா?

ஆண்களுக்கான எட்டாம் நம்பரைப் போட்டுப் பார்த்தோம். அகலம் சரி. ஆனால் எழுந்து நடந்தால் குதிகால் உள்ளே ஏறி ஏறி இறங்கியது. விலை ஏழாயிரத்து இருநூறு. குதிகால் ஏறி இறங்குகிற பூட்ஸை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பத்து கிலோமீட்டரில் தோல் உரிந்துவிடும். சங்கீதா தரையில் உட்கார்ந்து, என் பெருவிரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். காலை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். கல்யாணத்தன்று அவள் அம்மா பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி, "எம் பொண்ணு சேத்துல கால் படாம வளந்தவ" என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு இலையில் இரண்டாவது தடவை வைத்தது வாழைக்காய் வறுவல். அதுகூட மறக்கவில்லை. அந்த அம்மாவின் மகள் கையில் என் வெடித்த குதிகாலா என்று கூசிப்போய்விட்டது.

முத்துப்பேட்டையில் வெளிநாட்டு பூட்ஸ் விற்கிற பாய் ஒருவர் இருக்கிறார் என்று வண்டி ஓட்டுகிற பெண்கள் யாரோ சொன்னார்களாம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். வடுவூரில் டீ, பதினைந்து ரூபாய், நன்றாக இருந்தது. மன்னார்குடி தாண்டியதும் குறுவை அறுப்பு. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. இருசக்கர வண்டியில் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நெல்மேல் பிரேக் போடாதீர்கள், சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். காயப்போட்டவர்கள் கத்துவதும் நியாயம்தான், அது அவர்கள் சோறு. வீட்டிலிருந்து முத்துப்பேட்டைக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர். ஒன்பதே காலுக்குப் போய்விட்டோம். கடை திறப்பது பத்து மணிக்கு.

பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். துபாயில் இருந்துவிட்டு வந்தவர். என் காலைப் பார்த்தார், பார்க்காத மாதிரி நடிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"வயக்காட்டுக் கால். இருங்கம்மா" என்று உள்ளே போய், தூசி தட்டி ஒரு ஜோடி எடுத்து வந்தார். "மூணு வருஷமா இது ஆளைத் தேடிக்கிட்டுக் கெடக்கு. போட்டுப் பாக்குற பொண்ணுங்கள்லாம், என்ன பாய் வாத்து மூக்காட்டம் இருக்குன்னுட்டுப் போயிருதுங்க."

முன்பக்கம் நிஜமாகவே வாத்து மூக்குதான். பக்கவாட்டில் ஜிப், மேலே இறுக்க ஒட்டுப்பட்டை, கணுக்காலில் இரண்டு பக்கமும் கெட்டியான கிண்ணம் மாதிரி வைத்துத் தைத்தது. கெண்டைக்கால் பாதி வரைக்கும் ஏறுகிறது, சைலன்சர் சுடாது. தடித்த சாக்ஸ் போட்டு உள்ளே விட்டேன். விரல் எல்லாம் அதது இடத்தில் போய் உட்கார்ந்தது. குதிகால் அசையவில்லை. பாய் விடவில்லை. "நடந்தா பத்தாதும்மா, வண்டியில ஏறி உக்காருங்க" என்று வெளியே நின்ற வண்டியில் ஏறவைத்து, காலைத் தாங்குக்கம்பியில் வைத்து மடக்கி நீட்டச் சொன்னார். மடக்கும்போது மேல் விளிம்பு குத்தினால் அந்த பூட்ஸ் ஆகாது. குத்தவில்லை. மூவாயிரத்து நானூறு. "கடிச்சா எப்ப வேணா கொண்டாங்க, காசைத் திருப்பித் தந்துடறேன்" என்றார். என் காலுக்கு இவ்வளவு பொருத்தமாக வாழ்க்கையில் எதுவும் அமைந்ததில்லை.

பூட்ஸைக் காலில் போட்டபடியே பதினொன்றரைக்குத் திரும்பினோம். மன்னார்குடி வழியில் பதினாறாவது கிலோமீட்டரில் மதகு வேலை நடக்கிறது என்று, காலையில் திறந்திருந்த ரோட்டை அடைத்து, மாற்றுப்பாதைப் பலகை வைத்திருந்தார்கள். சங்கீதா இடது பக்கம் திருப்பினாள். அது நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர். பேர் எழுதவில்லை, அங்கே எனக்கு இன்னும் சொந்தம் இருக்கிறது. மாற்றுப்பாதை போவது பண்ணைக்காரர்கள் தெரு வழியாக.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது. தெருமுனையில் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க வேண்டும், மறுமுனையில் போட்டுக்கொள்ளலாம். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் மன்னார்குடியில் எனக்குச் செருப்பு வாங்கி வந்தார். சிவப்பு வார், நடுவில் ஒரு வெள்ளைப் பூ. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போனேன். மூன்றாவது வீட்டு அம்மா வாசலில் நின்று கேட்டது: "நடவுக்கு வர்றவளுக்கு அதுக்குள்ள செருப்பு கேக்குதோ?" அதற்கப்புறம் அந்தச் செருப்பை நான் போடவே இல்லை.

இதையெல்லாம் அன்றைக்கு நான் நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. தெருமுனை வந்ததும் என் கை தானாகச் சங்கீதாவின் தோளைத் தட்டியது. "நிறுத்து." இறங்கினேன். ஜிப்பை இழுத்து இரண்டையும் கழற்றினேன், சாக்ஸையும் கழற்றினேன். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். மத்தியான வெயில். முதுகு தானாக வளைந்திருந்தது. சங்கீதா பின்னால் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வருகிறாள், கூப்பிடுகிறாள், எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது வீட்டுக்கு நேராக வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் எருக்கு முளைத்து, கதவில் பூட்டு தொங்கியது. தெருவில் ஓர் ஆள் இல்லை. என்னை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

மறுமுனையில் சங்கீதா என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். குதிகால் வெடிப்பில் ஏதோ கிழித்து ரத்தம். எனக்கு அது தெரியவே இல்லை, சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான்.

"என்ன அத்தை இது? பூட்ஸு கடிச்சுதா?"

"ஆமா."

"கடிச்சதாலதான் கழட்டுனீங்களா?"

"ஆமாம்மா."

சரியாக இரண்டு ஆமா. அவள் காயத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மாட்டுக்கு வைத்திருக்கிற பஞ்சை வைத்துக் கட்டினாள். கோபம் அவளுக்கு. "சக்கரக்காரங்கன்னு தெரிஞ்சும் இப்படி ஒண்ணைத் தலையில கட்டியிருக்காரே" என்று படம் எடுத்து, அந்த மூன்று வரியைப் போட்டாள். வண்டியை முத்துப்பேட்டைக்கே திருப்பினாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டால் வண்டி இல்லை, வேதாரண்யம் இல்லை. அது போகட்டும் என்றே நினைத்தேன். கேவலம் யாருக்கும் தெரியாமல் போனால் போதும்.

நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். பில் போடும்போது சங்கீதா கொடுத்திருந்த நம்பருக்குப் பாயிடமிருந்து போன். யாரோ அந்தப் படத்தை அவருக்கு அனுப்பிவிட்டார்கள். சங்கீதா ஓரங்கட்டி ஸ்பீக்கரில் போட்டாள். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தோம்.

"டாக்டரம்மா, அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கு? காசு கெடக்குது. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்க உம்மாவும் சக்கரதான், ஒரு கொப்புளத்துலதான் ஆரம்பிச்சுது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. போனைப் பிடுங்கினேன். "பாய், பூட்ஸு கடிக்கல. நான்தான் கழட்டிட்டு வெறுங்காலோட நடந்தேன்."

"ஏம்மா, இந்த வெயில்ல?"

"பழக்கம்" என்றேன். "சரிம்மா. மருந்து போட்டுக்கங்க" என்று வைத்துவிட்டார்.

சங்கீதாவிடம் ரோட்டோரப் புளியமரத்தடியில் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, வெள்ளைப் பூ, மூன்றாவது வீடு. அவள் டவுனில் வாத்தியார் வீட்டில் வளர்ந்தவள், அவளுக்கு இதெல்லாம் கேள்விப்பட்டதோடு சரி. முதலில் போனை எடுத்து அந்த மூன்று வரியை அழித்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த வீட்டுல இப்ப யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. பூட்டிக் கெடக்கு."

"பூட்டுன வீட்டுக்கா அத்தை கழட்டுனீங்க?"

அவள் அம்மா சொன்னதோடு இதையும் மறக்காத கணக்கில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, அதையும் பார்த்தேன். என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக் கட்டைச் சரிபண்ணினாள். இந்தத் தடவை நான் இழுக்கவில்லை.

காயம் ஆறியதும் வேதாரண்யம் போனோம். திருத்துறைப்பூண்டி வழிதான் நேர்வழி. நாங்கள் பாயைப் பார்ப்பதற்காக முத்துப்பேட்டை சுற்றிப் போனோம், கூடுதலாகப் பதினைந்து கிலோமீட்டர். மதகு வேலை முடிந்து பலகையை எடுத்திருந்தார்கள். நேர் ரோடு திறந்திருந்தது. அந்தத் திருப்பத்தில் சங்கீதா வேகத்தைக் குறைத்தாள். "அத்தை?" என்றாள், அவ்வளவுதான்.

"திருப்பு" என்றேன்.

தெருமுனையில் கை மறுபடியும் எழுந்தது. எழுந்த கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். தலை நிமிரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். தெரு முடியும்வரை வாத்து மூக்கு பூட்ஸையே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

வாங்கப் போகிறவர்களுக்கு: சாயங்காலம் போங்கள், தடித்த சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் வேண்டும், குதிகால் அசையக் கூடாது. பெண்கள் சைஸ், ஆண்கள் சைஸ் என்று கடைக்காரர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள், காலைக் கேளுங்கள். காலை ஒளிக்காதீர்கள், ஒளித்தால் அளவு தப்பும். சர்க்கரை இருந்தால் போடும்முன் உள்ளே கையைவிட்டுத் துழாவுங்கள், கழற்றியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். புதிய பூட்ஸை நான்கு நாள் வீட்டுக்குள் போட்டு நடந்துவிட்டு அப்புறம் தூரம் போங்கள். முத்துப்பேட்டை பாய் கடை நல்ல கடை, அவர் நல்ல மனுஷர், தைரியமாக வாங்கலாம். அவருக்கு வேதாரண்யத்திலிருந்து ஒரு மூட்டை உப்பு கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பழக்கம் என்று நான் சொன்னதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் பூட்ஸ் இப்போது நன்றாகப் பழகிவிட்டது. மொட்டைமாடியில் நடந்தேன், பெரிய கோயில் வாசல்வரை நடந்தேன், வேதாரண்யத்தில் உப்பளத்து வரப்பில் ஒரு கிலோமீட்டர் நடந்தேன், எங்கேயும் கடிக்கவில்லை. அந்தத் தெருவில் வண்டியில்தான் போயிருக்கிறேன். இறங்கி இன்னும் நடக்கவில்லை.