கரடிக்குக் குழல் ஊதியவர்

வெனியமின் லூகிச், பழகியவர்களுக்கு வென்யா, நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மிச்சத்தையும் கேட்டால் அவரைக் கோழை என்று சொல்லத் தோன்றும். கோழைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நல்ல மனிதர்.

மாஸ்கோவில், பல குடும்பங்களுக்கு ஒரே சமையலறை இருந்த ஒரு பழைய வீட்டில், அவரும் மனைவி ரிம்மாவும் ஆறு வயது மகள் தாஸ்யாவும் ஓர் அறையில் குடியிருந்தார்கள். அவர் ஊதுவது பஸூன். மேப்பிள் மரத்தில் செய்த நீளக் குழல் அது, வாய் வைக்கும் இடத்தில் நாணல் சீவாளி இருக்கும். அதன் குரல் சளி பிடித்த பெரியவர் முணுமுணுப்பது போல இருக்கும். அறையில் ஊதினால் அடுத்த அறைக் கைக்குழந்தை எழுந்துகொள்கிறது என்று சமையலறையில் உட்கார்ந்து ஊதுவார். தாஸ்யா முக்காலியில் ஏறி உட்கார்ந்து கேட்பாள். அடுப்படியில் நிற்கும், அதே வீட்டில் குடியிருந்த க்ளாஃபீரா அத்தை சும்மா இருக்கமாட்டாள்.

"வென்யா, கொஞ்சம் சந்தோஷமாத்தான் ஊதேன்டா. என் முட்டைக்கோஸ் சூப் அழுதுடும் போல இருக்கு."

"இது சந்தோஷமான பாட்டுதான் அத்தை."

"அடக் கடவுளே! அப்போ துக்கத்தை எடுத்து ஊதிடாத. கூரை இறங்கிடும்."

அவருக்கு வேலை சினிமா இசைக்குழுவில். போர்ப் படத்துக்கும் ஊதுவார், காதல் படத்துக்கும் ஊதுவார், குழந்தைகளின் கார்ட்டூனுக்கும் ஊதுவார். படத்தின் முடிவில் இசையமைத்தவர் பெயர் வரும், குழுவை நடத்தியவர் பெயர் வரும், பிறகு 'இசைக்குழு' என்று ஒரே சொல் வரும். மூக்கும் உதடும் விரலுமாக அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடுவார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வெட்கப்பட்டார்.

காரணம் அவ்குஸ்த் கார்லோவிச். இசைக் கல்லூரியில் வென்யாவின் ஆசிரியர். "நீ பெரிய மேடையில உட்காரப் பொறந்தவன்" என்று ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டார். வென்யா பெரிய சிம்ஃபனிக் குழுவின் தேர்வுக்குப் போனார். கடைசிச் சுற்றில் உதடு காய்ந்து, குழல் வாத்துபோல் கத்தியது. அத்தோடு முடிந்தது. அந்த நேரத்தில் ஆசிரியர் சராத்தவ் நகரத்துக்குக் குடிபோயிருந்தார். அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வென்யா தொலைபேசியில் கூப்பிட்டபோது, "என்னப்பா, மேடை ஏறிட்டியா?" என்று கேட்டார். வென்யாவின் வாயிலிருந்து 'ஏறிட்டேன்' என்று ஒரு சொல் வந்துவிட்டது. பிறகு வருடத்துக்கு வருடம் அந்தச் சொல்லுக்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று.

கரடி விஷயத்துக்கு வருவோம்.

அந்த இலையுதிர் காலத்தில் அவர்கள் ஒரு கார்ட்டூனுக்கு இசை பதிந்தார்கள். பதிவுக்கூடத்தில் திரை இருக்கும், அதில் படம் ஓடும். ஆனால் படத்தைப் பார்த்து நிற்பவர் இசைக்குழு நடத்துநர் மட்டும்தான். வாத்தியக்காரர்கள் அவரைப் பார்த்தபடி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் யார் செத்தார்கள், யார் முத்தமிட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்தால் இருமக்கூடாது, நாற்காலி கிறீச்சிடக்கூடாது. வென்யாவுக்கு நீளமான ஒரு தனி வாசிப்பு வந்தது, வீட்டுச் சமையலறையில் பல நாள் ஊதிப் பழகியதுதான். "இன்னும் பாரமா, வெனியமின் லூகிச். அவனுக்குக் கால் ஜில்லுன்னு இருக்கு" என்றார் நடத்துநர். எவனுக்கு என்று வென்யா கேட்கவில்லை. பாரமாக ஊதிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பனிக்காலம் பிறந்ததும் தாஸ்யாவின் பாலர் பள்ளிக் குழந்தைகளை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு கிழக் கரடி. கம்பளி பூட்ஸில் ஒன்றைப் பனியில் தொலைத்துவிட்டு, ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறது. அது நடக்கத் தொடங்கியதும் தாஸ்யா எழுந்து நின்றுவிட்டாள். "இது எங்கப்பா! எங்க வீட்டுச் சமையல்கட்டுல ஊதினது!" அன்றிலிருந்து அவள் பள்ளியில் கரடியின் மகள். பனிச்சறுக்கு மேட்டில் முதலில் சறுக்க அவளுக்குத்தான் இடம் விட்டார்கள்.

அடுத்த வாரம் அவ்குஸ்த் கார்லோவிச் கண்ணில் புரை என்று வைத்தியம் பார்க்க மாஸ்கோ வந்தார். ஞாயிற்றுக்கிழமை வென்யா அவரைக் கையைப் பிடித்து உலாத்தக் கூட்டிப்போனார். தாஸ்யாவும் கூட வந்தாள். ஈரப்பனி கொட்ட ஆரம்பித்தது. ஒதுங்க இடம் தேடியபோது எதிரே திரையரங்கு. வாசல் சுவரொட்டியில் கரடி நின்றது.

"அப்பா! அந்தப் படம்! தாத்தாவுக்குக் காட்டலாம்ப்பா!"

"வேண்டாம்மா, தாத்தாவுக்குக் கண்ணு தெரியாது."

"காது கேக்குதே!" என்றார் கிழவர். "உள்ளயாவது சூடா இருக்கும். வாங்க."

உள்ளே போன நேரத்திலிருந்து வென்யா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தனி வாசிப்பு வரப்போவது இசையை வைத்தே தெரிந்து, தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். சொந்தக் கரடியை அவர் பார்க்கவே இல்லை. குழல் ஒலித்தது. கிழவர் தலையைச் சாய்த்தார்.

"யாருப்பா இது ஊதறது?"

"எங்கப்பாதான் தாத்தா!" என்று தாஸ்யா துள்ளினாள்.

முன்வரிசைத் தலைகள் திரும்பின. வென்யா ஒரு கணம் யோசித்திருந்தால்கூடப் போதும், யோசிக்கவில்லை.

"இல்ல, அவ்குஸ்த் கார்லோவிச். நான் இல்ல. இவ ஏதோ கற்பனை பண்ணிப் பேசறா. சின்னப் பொண்ணு."

"அப்படியா" என்றார் கிழவர். மறுபடி திரைப்பக்கம் காதைக் கொடுத்தார்.

தாஸ்யா அழவில்லை, சண்டை போடவும் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தொப்பிக்குப் பின்னால் இருந்த அந்த முகத்தில் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உட்கார்ந்துகொண்டாள்.

கிழவர் செவ்வாய்க்கிழமை ரயிலேறிப் போனார். வென்யா மூச்சு விட்டார். மகள் இப்போது முக்காலியில் வந்து உட்காருவதில்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கவனித்தவள் க்ளாஃபீரா அத்தைதான்.

"உன் ரசிகை எங்கடா?"

"படம் வரையறா அத்தை."

"ம்ம். சண்டையா?"

"இல்லையே."

"அப்ப நீதான் என்னமோ பண்ணியிருக்க" என்று சொல்லிக் கரண்டியைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை மாலை மகளைக் கூட்டிவரப் பாலர் பள்ளிக்குப் போனார். ஆசிரியை இங்கா பாவ்லோவ்னா அவரைத் தனியே அழைத்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"உங்களைப் பாராட்டணும், வெனியமின் லூகிச். நல்லா வளர்த்திருக்கீங்க. தாஸ்யா இன்னிக்குத் தானா எழுந்து நின்னு சொன்னா: 'கரடிக்கு ஊதினது எங்கப்பா இல்ல. நான் பொய் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க.' இந்த வயசுல எந்தக் குழந்தை இப்படி ஒத்துக்கும்? எல்லாப் பிள்ளைங்களையும் கைதட்டச் சொன்னேன்."

வென்யா உள்ளே போனார். துணி மாட்டும் அறையில் தாஸ்யா பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைத் தானே மாட்டிக்கொண்டிருந்தாள், இடது காலை வலது பூட்ஸில் விட்டபடி. அவர் குனிந்து சரிசெய்யப் போனார்.

"நானே போட்டுக்கறேன்" என்றாள்.

வாத்துபோல் குழல் கத்திய அன்றைக்குக்கூட அவர் இப்படிக் கூசியதில்லை. பொய் சொன்னது அவர். மன்னிப்புக் கேட்டது அவள். அதற்குக் கைதட்டல் வேறு.

வீட்டில் ரிம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரிம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கரடிக்கு ஊதினா கேவலமா?"

"இல்ல."

"குழந்தையைப் பொய்க்காரி ஆக்கினது?"

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அப்ப போய்ச் சரிபண்ணு. எங்கிட்ட வந்து தலையைத் தொங்கப்போடாத. நான் என்ன பாதிரியாரா?"

திங்கட்கிழமை காலை பஸூன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளோடு பாலர் பள்ளிக்குப் போனார். முழங்கால் முகவாயை இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "தாஸ்யா பொய் சொல்லல. அது நான்தான். பொய் சொன்னது நான்" என்றார். இங்கா பாவ்லோவ்னாவின் முகம் சிவந்தது. குழந்தைகள் நம்பவில்லை.

"அப்ப ஊதிக் காட்டுங்க!"

ஊதினார். வெளிக்குளிரில் வந்த சீவாளி விறைத்திருந்தது, உதடும் நடுங்கியது. வந்த ஒலியைக் கேட்டு ஒரு சிறுமி மூக்கைச் சுளித்தாள். "இது கரடி இல்ல. இது பசுமாடு." எல்லோரும் சிரித்தார்கள். தாஸ்யாவின் தலை குனிந்தது. மறுபடியும் பொய்க்காரி.

வென்யா குழலைக் கீழே வைக்கவில்லை. அவருக்கு ஒன்று புரிந்தது. இத்தனை முகங்களைப் பார்த்து அவர் ஊதிப் பழகியதில்லை. நாற்காலியைத் திருப்பிப்போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"தாஸ்யா, நான் படத்தைப் பார்த்ததே இல்லம்மா. கரடி என்ன பண்ணுதுன்னு நீ சொல்லு. நான் ஊதறேன்."

முதுகுக்குப் பின்னால் மெல்லிய குரல் வந்தது.

"காட்டுல வருது. பனி நிறைய. ஒரு கால்ல பூட்ஸ் இல்ல."

அவர் ஊதினார்.

"மெதுவாப்பா. கால் புதையுது... இப்ப அது ஒரு கட்டைமேல உட்காருது. பாதத்தை வாயால ஊதிச் சூடு பண்ணிக்குது..."

'அவனுக்குக் கால் ஜில்லுன்னு இருக்கு' என்று நடத்துநர் சொன்னது இதைத்தானா? குழல் பாரமாக இறங்கியது. பின்னால் யாரோ, "கரடி!" என்று கத்தினார்கள். குழந்தைகள் எல்லோரும் ஒற்றைக் காலைத் தூக்கி நொண்டத் தொடங்கினார்கள்.

வாசலில் விடைபெறும்போது தாஸ்யா அவர் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிடறேன்மா. அடுத்து அவர் வரும்போது..."

"இன்னிக்கு."

மாலையில் இருவரும் தபால் நிலையத்துக்குப் போய், வெளியூர் அழைப்புக்கு வரிசையில் உட்கார்ந்தார்கள். "சராத்தவ்! மூணாவது கூண்டு!" என்று கூப்பிட்டதும் வென்யா தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். தாஸ்யா கண்ணாடிக் கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். தொடர்பு கரகரவென்று இரைந்தது.

"அவ்குஸ்த் கார்லோவிச்! அன்னிக்கு ஊதினது... அந்தப் படத்துல..."

"யாரு? கேக்கல! சத்தமாப் பேசு!"

"நான் பெரிய குழுவுல இல்ல! சினிமாவுல ஊதறேன்! அந்தக் கரடி..."

"கரடியா? எந்தக் கரடி?"

வரிசையில் இருந்த பெண்கள் தலையைத் திருப்பினார்கள். தந்தி எழுதிக்கொண்டிருந்த ராணுவக்காரர் பேனாவை நிறுத்தினார். வென்யாவின் கழுத்து காதுவரை சிவந்தது. திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில் நசுங்கிய மூக்கோடு தாஸ்யா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரடி நான்தான்!" என்று தபால் நிலையமே அதிரும்படி கத்தினார். "நான்தான் கரடி, அவ்குஸ்த் கார்லோவிச்! என் பொண்ணு பொய் சொல்லல!"

இரைச்சலுக்கு நடுவே கிழவரின் குரல் வந்தது.

"குழந்தை பக்கத்துல இருக்காளா? இருந்தா போனை அவகிட்ட குடு. உங்கிட்ட அப்புறம் பேசறேன்."

வென்யா கதவைத் திறந்தார். தாஸ்யா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கேட்டாள், ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டி ஆட்டி. தாத்தா என்ன சொன்னார் என்று வென்யா வழியெல்லாம் கேட்டுப் பார்த்தார். அவள் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை அவர் சமையலறையில் பெட்டியைத் திறந்தபோது, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.